கரடி விட்ட ராசாத்தி

கரடியூர் ராசாத்தி எதற்கெல்லாம் பயப்படுவாள் என்று கேட்டால் பொழுது போய்விடும். எதற்குப் பயப்பட மாட்டாள் என்று கேளுங்கள், சட்டென்று சொல்லிவிடலாம். ஊசிக்கும் ரத்தத்துக்கும் பயப்பட மாட்டாள். நர்ஸ் ஆயிற்றே. மற்றதெல்லாம் பயம்தான். சேலத்துக்குப் போகிற பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பினால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். பனி இறங்கிவிட்டால் ரோட்டோரத்துச் சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடப்பாள், வழக்கத்தைவிட ஒரு மரம் கூடுதலாக நிற்கிறதோ என்று. காப்பித் தோட்டத்தில் சருகு சரசரத்தால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது.

இந்தப் பயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அவளுக்கு வெளியில் இருப்பதைவிடத் தன் கண்மீதுதான் அதிக சந்தேகம். ஏற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. காய்ச்சல் பார்த்தால் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். அப்புறமும் மனசு ஆறாமல் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் யாரையாவது கூப்பிட்டு, "ஏனுங்க, உங்களுக்கும் நூத்தி ரெண்டுதான் தெரியுதுங்களா?" என்பாள்.

"மெஷினையே நம்ப மாட்டியாம்மா நீ?" என்று டாக்டர் ஒருநாள் சலித்துக்கொண்டார்.

"மெஷினை நம்பறனுங்க டாக்டர். என்னையத்தான் நம்பறதில்லீங்க."

டாக்டர் சிரித்துவிட்டுப் போனார். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவள் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகப் போகிறாள் என்று தெரிந்ததும் ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இழுத்துவிட்டவள் ஆயிஷா, ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிக்கந்தரின் மகள். ராசாத்தியோடு சேலத்தில் நர்சிங் படித்தவள், இப்போது அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். ஆயிஷாவுக்கு எதிலும் துணிச்சல். சேலத்து மிஸ் ஒருவர் செல்போனில் நடத்தும் ஜெர்மன் வகுப்பில் இரண்டு பேர் பெயரையும் அவளே கொடுத்துவிட்டு வந்தாள். கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து இருவரும் படித்தார்கள். சிக்கந்தர் அடிக்கடி எட்டிப் பார்த்து, "என்னம்மா, சண்டையா?" என்பார். ஜெர்மன் பேசினால் அவருக்கு அப்படித்தான் கேட்கும்.

பயந்தாங்கொள்ளி ஏன் சம்மதித்தாள்? அதற்கு ஒரு காரணம் இருந்தது, அவள் யாரிடமும் சொன்னதில்லை. தன் வாயிலிருந்து வரும் பேச்சை ஒரு ஆளாவது சிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளும் ஊர் ஒன்று வேண்டும் அவளுக்கு. இந்த மலையில் அது நடக்காது. இந்த மலையில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது.

ஜெர்மன் மொழிக்கான எழுத்துத் தேர்வில் ராசாத்தி முதல் தடவையே தேறிவிட்டாள். பேச்சுத் தேர்வில்தான் விழுந்தது அடி. சென்னையில் இரண்டு பேர் எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பார்கள், பேச வேண்டும். முதல் தடவை வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை நடந்தது அதைவிடக் கொடுமை. ஜெர்மனில் "உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்" என்றாலும் "கற்பனை செய்து பாருங்கள்" என்றாலும் ஒரே வார்த்தைதான். "ஷ்டெல்லன் ஸீ ஸிஷ் பிட்ட ஃபோர்" என்று தேர்வாளர் சொன்னார். முந்தின வாரம்தான் மிஸ் கற்பனைப் பாடத்தை ஆரம்பித்திருந்தார். எதையோ கற்பனை செய்யச் சொல்கிறார்கள் என்று ராசாத்தி பணிவாகக் கண்ணை மூடிக்கொண்டு, எதை என்று அடுத்துச் சொல்வார்கள் எனக் காத்திருந்தாள். பெண் மயங்கிவிட்டாள் என்று அவர்கள் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

ஆயிஷா அந்தத் தடவையே தேறிவிட்டாள். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரி, பேச்சுத் தேர்வில் தேற வேண்டும் என்ற நிபந்தனையோடு, இருவரையும் சேர்த்தே எடுத்திருந்தது. இன்னும் ஒரே ஒரு தேர்வுக்குப் பொறுப்போம், அதிலும் தேறாவிட்டால் ராசாத்தியின் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

விட்ட இடத்திலிருந்து பாடம் தொடங்கியது. கற்பனை, கற்பனை ஊர்கள், கற்பனைப் பிராணிகள். ஆயிஷா வாசிக்க ராசாத்தி அர்த்தம் சொல்ல வேண்டும்.

"அல்ப். தூங்கறவங்க நெஞ்சு மேல ஏறிக் குந்தி அமுக்குமாம்."

"நம்ம அமுக்குவான் பேயி," என்றாள் ராசாத்தி, குரல் உள்ளே போக.

"இர்லிஷ்ட். சேத்து நெலத்துல மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சு ஆள வழி தப்ப வெக்கறது."

"கொள்ளிவாய்ப் பிசாசு. மெதுவாச் சொல்லுடி."

"கோபோல்ட்."

"குட்டிச்சாத்தான். போதும் ஆயிஷா."

தண்ணீருக்குள் இருந்துகொண்டு ஆளை இழுக்கும் நிக்ஸ என்ற பெண் அடுத்து வந்தாள். ராசாத்தி ஏரி இருக்கும் திசையைக் கண்ணால் காட்டினாள். அத்தனை தூரம் பிளேனில் போனாலும் அங்கேயும் இதுகள்தான் காத்திருக்கின்றன.

ஆயிஷா அவளைத் தேற்றப் பார்த்தாள். "நல்லதும் இருக்குடி. லுஃப்ட்ஷ்லோஸ்னா காத்துல கட்டுன கோட்டை. நீயும் நானும் இத்தனை நாளாக் கட்டறமே, அந்த மனக்கோட்டைதான். இன்னொண்ணு கேளு, ஷ்லராஃபன்லாண்டுன்னு ஒரு நாடு. அங்க பாலு ஆறா ஓடுமாம். வறுத்த கோழி தானாப் பறந்து வந்து வாயில உழுவுமாம். ஹலாலான்னுதான் புஸ்தகத்துல போடல."

ராசாத்தி சிரித்தாள். அடுத்த வார்த்தையில் சிரிப்பு நின்றுவிட்டது. ஐன்பில்டுங். இல்லாத ஒன்றை இருப்பதாக நினைத்துக்கொள்வது.

அந்த வார்த்தை அவளுக்குப் புதிதில்லை. அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே தமிழில் அவள் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்ட வார்த்தை அது.

அப்போது அவள் அப்பா இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அம்மா கண்ணாயி எஸ்டேட்டில் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் காப்பித் தோட்டத்துக்கு அந்தப் பக்கம், ஒற்றையடிப் பாதையில் தனியாகப் போக வேண்டும். பலாப்பழக் காலம். பனி இன்னும் கலையாத ஒரு காலையில் பாதையோரப் பலா மரத்தடியில் கறுப்பாக ஏதோ குந்தியிருந்தது. யாரோ கம்பளி போர்த்திக்கொண்டு பழம் தின்கிறார்கள் என்று நினைத்து ராசாத்தி கிட்டேயே போய்விட்டாள். அது தலையைத் தூக்கியது. மூக்கு நீளம். வாயெல்லாம் பலாச்சுளை. அவளைப் பார்த்து மூசு மூசு என்று மூச்சு விட்டது. கரடி.

ஓடி வந்தவள் எஸ்டேட்டில் வேலையாட்கள் கூடி நின்ற இடத்தில் போய் விழுந்தாள். ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் வெங்கடாசலம் இரண்டு பேரை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். அவர்கள் பலா மட்டையோடு திரும்பி வந்து, குரங்கு தின்றிருக்கும் என்றார்கள். ஊரின் பெயரில்தான் கரடி உண்டு, எங்கள் தாத்தா காலத்திலேயே கரடி போய்விட்டது என்று ஒரு பெரியவர் சாதித்தார். ரைட்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கரடியூர்ப் புள்ள நம்மகிட்டயே கரடி உடுது பாருங்க!" என்றார். புளுகுவதைக் கரடி விடுவது என்று சொல்வதுதானே வழக்கம்? அதுவும் கரடியூரில் சொன்னால் கேட்க வேண்டுமா? மொத்தக் கூட்டமும் சிரித்தது.

ராசாத்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாயி ரைட்டரிடம் சொன்னாள்: "புள்ள கனாக் கண்டிருக்கும்ங்க."

அன்றையிலிருந்து அவள் கரடி ராசாத்தி. பட்டப்பெயரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் முதல் நடந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் போகும்போது பின்னால் சருகு சரசரத்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது. திரும்பிப் பார்த்தால் காப்பிச் செடிகள் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, அந்த வருஷம் முழுவதும். யாரிடம் சொல்வது? பார்த்ததைச் சொன்னதற்கே ஊர் சிரித்தது, கேட்டதைச் சொன்னால் கோடங்கியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடிப்பார்கள். புத்தகப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து, அழாமல் நடக்கப் பழகினாள். ரைட்டருக்கு அந்த வருஷம் காலையில் இரண்டு வேலை. பள்ளிக்கூடம் போகும் மகளைக் கேலி செய்வது, வேலைக்கு நேரம் கழித்து வரும் தாயைத் திட்டுவது.

சொன்னதைச் சிரிக்காமல் கேட்கப் போகிறார்களா, சிரிக்கப் போகிறார்களா என்று யாராவது முகத்தைப் பார்க்கும் அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதில் அவள் தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்த வருஷம் பிடித்த அடைப்பு அது. சென்னையில் காற்று மட்டும் வந்ததற்கும் அதுதான் காரணம்.

மூன்றாம் தேர்வுக்குக் கிளம்பும் முன் ஒரு சாயங்காலம் கண்ணாயி வாசலில் முறத்தை வைத்து மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். ராசாத்தி பக்கத்தில் நடந்துகொண்டே வார்த்தைகளை முனகினாள்.

"நம்மூரு மிருகமெல்லாம் அங்கயும் இருக்குமா கண்ணு?"

"எல்லாத்துக்கும் பேர் இருக்குதும்மா."

"கரடிக்கு என்ன பேர் சொல்லுவாங்க?"

"பேர்."

"அதத்தான் கேக்கறேன். என்ன பேர்?"

"அட, பேர்தாம்மா!"

"தெரீலைன்னா தெரீலைன்னு சொல்லு," என்றாள் கண்ணாயி.

ஜெர்மனில் கரடி என்றாலே பேர்தான் என்று ராசாத்தி விளக்கி முடிப்பதற்குள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே அவள் சொல்லிவிட்டாள்: "இன்னொரு வார்த்தை இருக்குதும்மா, ஐன்பில்டுங்னு. இல்லாதத இருக்கறதா நெனச்சுக்கறது. நான் சின்னதுல கரடி பாத்தனே, அந்த மாதிரி."

முறம் நின்றது. "பனி எறங்குது, உள்ள போ," என்றாள் கண்ணாயி.

தேர்வு நாள் வந்தது. சென்னையில் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது ராசாத்திக்குத் தன் பெயர் தவிர எல்லாம் மறந்துவிட்டது போல இருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடப் பார்த்தாள். வாசலில் காவல்காரர் நின்றார், அவருக்கும் பயந்துகொண்டு ஓடவில்லை.

உள்ளே நரைத்த தலையோடு ஒரு ஜெர்மன் அம்மாள், பக்கத்தில் குறிப்பெழுத ஓர் ஆள். இந்தத் தடவை "ஷ்டெல்லன் ஸீ ஸிஷ் பிட்ட ஃபோர்" என்றதும் ராசாத்தி கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு பெயரையும் ஊரையும் வேலையையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். அப்புறம் ஒரு அட்டையை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். உங்கள் ஊரில் சொல்லப்படும் கற்பனைப் பிராணி ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று இருந்தது.

கொள்ளிவாய்ப் பிசாசைத் தயார் செய்து வைத்திருந்தாள். மனப்பாடம். வாயைத் திறந்தாள், இர்லிஷ்ட் என்ற வார்த்தையே காணோம். மற்றவையும் வரிசையாக ஓடிப்போய்விட்டன. இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஆயிஷா பிளேனில் தனியாக ஏறுவது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் யாரையாவது கூப்பிட்டு உங்களுக்கும் நூத்தி ரெண்டுதானா என்று கேட்டுக்கொண்டே தான் கிழவியாவதும் தெரிந்தது.

ஒரே ஒரு வார்த்தை மட்டும் ஓடாமல் நின்றது. மறக்க முடியாத வார்த்தை. பேர்.

"எங்கள் ஊரின் பெயர் கரடியூர்," என்று தொடங்கினாள், உடைந்த ஜெர்மனில். "அங்கே கரடி இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். கரடி கற்பனை என்கிறார்கள். நான் ஒரு கரடியைப் பார்த்தேன். அது பலாப்பழம் தின்றது."

அந்த அம்மாள் முகத்தில் சிரிப்பு வந்தது. முன்னால் சாய்ந்து, விளையாட்டாக, "வோலன் ஸீ உன்ஸ் ஐனன் பேரன் அவுஃப்பின்டன்?" என்றாள்.

ராசாத்தி அந்தச் சொலவடையைக் கேட்டதே இல்லை. வார்த்தை வார்த்தையாகப் பிரித்தாள். எங்கள் மேல் ஒரு கரடியைக் கட்டிவிடப் பார்க்கிறீர்களா? மிஸ் சொல்லித்தராமலே விளங்கிவிட்டது. கரடியூர்க்காரிக்கு விளங்காமல் யாருக்கு விளங்கும்? நாம் கரடியை விடுகிறோம், இவர்கள் கரடியைக் கட்டுகிறார்கள். ரைட்டர் வெங்கடாசலம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடல் தாண்டி வந்து நின்றது போல இருந்தது அவளுக்கு. கனா என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, அவர்களும் சிரித்துவிட்டு மதிப்பெண் போடுவார்கள்.

"நைன்," என்றாள் ராசாத்தி. இல்லை.

சொல்லிவிட்டுத் தன் குரலுக்கே பயந்தாள். ஆனால் நிற்கவில்லை. "எஸ் வார் டா. அது அங்கே இருந்தது. எங்கள் ஊரிலும் நீங்கள் சொன்னதைத்தான் சொன்னார்கள். நாங்கள் கட்ட மாட்டோம், அவிழ்த்துவிடுவோம். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அது என் பின்னால் வந்தது. நான் நடந்தால் நடந்தது. நான் நின்றால் நின்றது. இப்போதும் எனக்குக் கேட்கிறது."

இலக்கணம் எத்தனை இடத்தில் செத்ததோ தெரியாது. குறிப்பெழுதுகிறவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அந்த அம்மாளின் சிரிப்பு போய்விட்டது. அவள் கேட்டாள்: உங்களை யார் நம்பினார்கள்?

"நீமன்ட்," என்றாள் ராசாத்தி. ஒருவருமில்லை.

முடிவு வந்த அன்று ஆயிஷா கடையின் பின்னறையிலிருந்து கத்திய கத்தலில் சிக்கந்தர் தராசைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தார். தேறிவிட்டாள். ராசாத்தி அந்தச் செய்தியை இரண்டு பேரிடம் காட்டி, உங்களுக்கும் அப்படித்தான் தெரிகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் நம்பினாள்.

அன்று சாயங்கால பஸ்ஸில் கரடியூர் போய் இறங்கினாள். கண்ணாயி வீட்டுப் பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் தேறியதைக் கேட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷமா, பயமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

"அங்க என்னதான் கண்ணு பேசுன?"

"கரடியத்தான் சொன்னேன். அந்தம்மா கேட்டாங்க, உன்னைய யாரு நம்புனாங்கன்னு. ஒருத்தருமில்லைன்னு சொன்னேன்."

கண்ணாயி கையிலிருந்த விறகைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

"நான் நம்புனேன்."

"நீயா? எல்லார் முன்னாலயும் கனான்னு சொன்னது நீதானம்மா?"

"நெசமாவே இருந்துச்சு கண்ணு. நீ பாக்கறதுக்கு முன்னாடியே நான் பாத்தேன், அதே பலா மரத்துல. வெளிய சொன்னா தோட்டத்துல வேலைய நிறுத்திப்போடுவாங்க, கூலி போயிரும். உங்கப்பன் போன கையோட நான் எங்க போவேன்? நீயும் ஊட்ட உட்டு எறங்க மாட்ட. பள்ளிக்கூடம் போவாம என்னாட்டம் களை புடுங்க வந்துருவ. பலாக் காலம் முடிஞ்சா அது போயிரும்னு வாய மூடிக்கிட்டேன். அது போயிருச்சு. என்ற பயந்தான் போவல."

ராசாத்தி விடவில்லை. "போயிருச்சுன்னா? வருசம் பூரா எம் பொறகால வந்துச்சேம்மா. தெனமும் வந்துச்சே!"

"அது கரடியில்ல." கண்ணாயி தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "நாந்தான். கூடவே வந்தா எதுக்கு வர்றேன்னு ஊரு கேக்கும். அருவாள எடுத்துக்கிட்டுச் செடிக்குள்ளாறயே வருவேன். நீ திரும்புனா குந்திக்குவேன். பள்ளிக்கூடத்துக் கேட்டுக்குள்ள நீ போற வரைக்கும் நின்னுட்டு, அப்பறம் வேலைக்கு ஓடுவேன்."

ராசாத்திக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு விறகுக் கட்டையை எடுத்து வீச வேண்டும் போல இருந்தது. அத்தனை பயத்தையும், பனியில் எண்ணிய அத்தனை மரங்களையும், நம்பாமல் விட்ட தன் இரண்டு கண்களையும் யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு சரசரப்பில், நான்தான் என்று ஒரு குரல் வந்திருந்தால் போதுமே. அவள் அழுதாள். அழுதுகொண்டே அம்மாவைப் பார்த்தாள். அருவாள் பிடித்துக் கரடிக்குக் காவல் போனவளும் பயந்தாங்கொள்ளிதான்.

"இத்தனை வருசம் சொல்லாதவ, இப்ப மட்டும் எதுக்கும்மா சொல்ற?"

கண்ணாயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போற ஊருக்கு நான் பொறகால வர முடியாதே, சாமி."